வேர்ட்பிரஸ் பெர்மாலிங்க் அமைப்பு: நெடுங்காலப் பக்கங்களுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும்?

வேலூர் வட்டார வரலாற்றுக் குறிப்புகளைத் திரட்டி இணையத்தில் ஏற்றி வருபவன் என்ற முறையில், இருபது முப்பது ஆண்டுகள் கழித்தும் திறக்க வேண்டிய பக்கங்களை மனத்தில் வைத்து இணையதளங்களை உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் பெர்மாலிங்க் அமைப்பை, அதாவது ஒவ்வொரு பக்கத்துக்கும் நிலையான இணைய முகவரியை வகுக்கும் அமைப்பை, இங்கே மதிப்பிடுகிறேன். சொந்த டொமைனில் (தம் பெயரில் பதிந்த இணையப் பெயரில்) அதை நிறுவியிருப்போருக்கே இது பொருந்தும். சொந்த டொமைனை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு: 2020இல் கூகுளின் வலைப்பதிவுச் சேவைக்குரிய ப்ளாக்ஸ்பாட்.இன் என்ற டொமைன் அந்நிறுவனத்தின் கையை விட்டுப் போனபோது, அந்த முகவரியில் பகிரப்பட்டிருந்த இணைப்புகள் செயலிழந்தன.

வெறும் எண், தேதியும் பெயரும், பெயர் மட்டும் என்று பல வடிவங்கள் அமைப்பில் உள்ளன. நமக்கு வேண்டியதை நாமே வகுத்துக்கொள்ளவும் இடமுண்டு. இதுவே இதன் பெரும் பலம். எனினும் மாவட்டம் போன்ற வகைப் பெயரை முகவரியில் சேர்க்கும் வடிவத்தை நம் பகுதியினர் தவிர்ப்பது நல்லது. வட ஆற்காடு மாவட்டம் 1989இல் வட ஆற்காடு அம்பேத்கர், திருவண்ணாமலை சம்புவராயர் என இரண்டானது. முன்னது பின்னர் வேலூர் மாவட்டம் எனப் பெயர் பெற்று, 2019இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களும் அதிலிருந்து பிரிந்தன. ஆற்காட்டின் டெல்லி கேட் பற்றிய பக்கத்தை அன்றைய மாவட்டப் பெயரின்கீழ் வைத்திருந்தால், அதன் முகவரி இன்று பிழையான தகவலைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

தமிழ்த் தலைப்புகளை இம்மென்பொருள் கையாளும் விதமே எனக்குப் பெருங்குறையாகத் தெரிகிறது. தலைப்பிலிருந்து தானாக உருவாகும் முகவரிப் பகுதிக்கு 200 குறிகளே வரம்பு. ஆனால் யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும், தனியாகக் கணக்கிடப்படும் புள்ளியும் கொம்பும் உட்பட, இணைய முகவரிக்காகச் சதவீதக் (%) குறிகளுடன் எழுதப்படும்போது ஒன்பது குறிகளாக நீள்கிறது. மூன்றெழுத்துச் சொல்லான 'வேலூர்' மட்டுமே 54 குறிகளைப் பிடித்துக்கொள்கிறது. 'வேலூர் சிப்பாய்ப் புரட்சி' என்று தலைப்பிட்டால் வரம்பு தாண்டி, முகவரி 'புரட்ச' என்று அறுபட்டு நின்றுவிடும். இத்தகைய முகவரியை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகளின் நீண்ட வரிசையாக வருவதுண்டு. கோயில் குடமுழுக்கு மலரில் அதை அச்சிட்டால் யாராலும் தட்டச்சு செய்ய முடியாது. ஆகவே, வெளியிடும் முன்பே முகவரிப் பகுதிக்கான கட்டத்தில் ரோமன் எழுத்தில் 'vellore-1806' என்பதுபோல் ஊரையும் நிகழ்வாண்டையும் சுருக்கமாக இடுமாறு பரிந்துரைக்கிறேன். 1806 ஜூலை 10 அன்று கோட்டையில் நடந்தது எந்த அரசாணையாலும் மாறப்போவதில்லை.

வெளியிட்ட பின் முகவரியைத் திருத்த நேர்ந்தால், பழையதை நினைவில் வைத்து வாசகரைப் புதிய முகவரிக்குத் தானே அனுப்பும் வசதி மிகவும் பாராட்டத்தக்கது. ஆனால் அது தேதிவாரியாக வெளியாகும் 'போஸ்ட்' வகைக்கு மட்டுமே இயல்பாகக் கிடைக்கிறது, தனித்து நிற்கும் 'பேஜ்' வகைக்குக் கிடையாது. மேலும் அந்த நினைவு தரவுத்தளத்திலேயே இருப்பதால், வேறு மென்பொருளுக்கு மாறும்போது உடன் வராது. பழைய, புதிய முகவரிகளைத் தனிக் கோப்பில் குறித்து வைப்பது பெரிய வேலையன்று. அதைச் செய்துகொண்டே இந்த அமைப்பை நம்பிப் பயன்படுத்தலாம். டொமைன் கட்டணத்தை ஒரே தடவையில் பத்தாண்டு வரை செலுத்தவும் வழியுண்டு என்பதால், வசதியுள்ளோர் அதையும் முதலிலேயே முடித்துக்கொள்வது நலம்.