மட்டாஞ்சேரியா, பறவூரா? கொச்சிப் பக்கம் எந்த யூத ஜெபக்கூடத்தைப் பார்ப்பது?

கொச்சியில் யூத ஜெபக்கூடம் என்றால் எல்லாரும் கைகாட்டுவது மட்டாஞ்சேரியைத்தான். வடக்கே சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி பறவூரில் இன்னொன்று இருக்கிறது. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் என் ஓட்டு பறவூருக்கு. ஆனால் மட்டாஞ்சேரிக்கும் ஒரு நியாயம் உண்டு; முதலில் அது.

மட்டாஞ்சேரி பரதேசி (வெளிநாட்டார்) ஜெபக்கூடம் 1568இல் கட்டப்பட்டது, கொச்சி ராஜாவின் அரண்மனையை ஒட்டியே. அழகில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. உள்ளே போனதும் எல்லாரும் அண்ணாந்து தொங்கும் கண்ணாடி விளக்குகளைப் பார்ப்பார்கள். நீங்கள் குனிந்து தரையைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து கப்பலேறி வந்த நீல வெள்ளை ஓடுகள், கையால் தீட்டியவை. ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது என்பார்கள். நின்று பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு மாதிரிதான் தெரியும். பக்கத்துப் பக்கத்து ஓடுகள் இரண்டை உற்றுப் பாருங்கள். கிளையின் வளைவும் தூரிகையின் அழுத்தமும் மாறியிருக்கும். செருப்பைக் கழற்றச் சொல்வதால் அந்தக் குளிர்ச்சி காலிலும் ஏறும். நடுவே பித்தளைக் கம்பி போட்ட மேடை, யூதர்களின் வேதமான தோராவை வாசிப்பதற்கு. வெளியே 1760இல் எழுப்பிய மணிக்கூண்டு.

தொல்லை, கூட்டம்தான். சுற்றுலாக் குழுக்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஓரிடத்தில் நிற்க முடியாது.

இன்னொரு விஷயமும் உண்டு. இது ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து பிற்காலத்தில் வந்து சேர்ந்த சிறு பிரிவினரின் கூடம். விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்கு இங்கே சம இடம் கிடைக்கவில்லை. முன்னறையில்தான் உட்கார வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஏ.பி. சேலம் காந்தி வழியில் சத்தியாக்கிரகம் செய்துதான் அந்த வழக்கத்தை அசைத்தார். ஓடுகளுக்கு ஓடும் முன் அந்த முன்னறையில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போங்கள்.

எண்ணிக்கையில் பெரியவர்களும் அங்கே காலத்தால் மூத்தவர்களும் மலபார் யூதர்கள். அவர்களுடையதுதான் பறவூர், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கட்டடம். தெருவிலிருந்து பார்த்தால் வாசல் மாளிகை மட்டும்தான் தெரியும். அதைத் தாண்டினால் தூண்கள் வைத்த நீண்ட நடை, அப்புறம்தான் தொழுகை மண்டபம். சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக்கூரை, மரவேலை எல்லாமே கேரளத்துக் கைவண்ணம். மாடியில் பெண்கள் பகுதிக்கு முன்னால் இரண்டாவதாக ஒரு வாசிப்பு மேடை இருக்கும். கேரள ஜெபக்கூடங்களுக்கே உரிய அமைப்பு இது. மட்டாஞ்சேரியிலும் உண்டு, ஆனால் அந்த நெரிசலில் யார் கவனிக்கிறார்கள்?

பறவூரின் குறையையும் மறைக்கக் கூடாது. இந்த ஊர் யூதர்கள் 1950களில் பெரும்பாலும் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். தோரா சுருள்களை வைக்கும் பழைய மரப்பேழையும் பின்னாளில் அங்கே போய்விட்டது. இங்கே இருப்பது நகல். இப்போது இது முசிறி பாரம்பரியத் திட்டத்தில் சீரமைத்த அருங்காட்சியகம். சங்கப் பாட்டில் யவனர் கலங்கள் மிளகு ஏற்றிப்போன அதே முசிறிதான்.

பறவூர் போனால் சில கிலோமீட்டரில் சேந்தமங்கலம் (நாமக்கல் பக்கத்து ஊர் அல்ல). அங்குள்ள ஜெபக்கூடத்தின் முன் சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல் நிற்கிறது; ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்வெட்டாக இதைச் சொல்கிறார்கள். சின்னக் கல்தான். நான் பறவூர்ப் பக்கம் சாய்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

வார இறுதியில் கிளம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மட்டாஞ்சேரி வெள்ளி, சனி, யூதப் பண்டிகை நாட்களில் பயணிகளுக்குத் திறக்காது. பறவூருக்குத் திங்கள் விடுமுறை. சனிக்கிழமை பறவூரும் சேந்தமங்கலமும், ஞாயிறு காலை திறந்ததும் மட்டாஞ்சேரி என்று வைத்துக்கொண்டால் இரண்டுமே கிடைத்துவிடும்.