ஆயத்த எம்விஎஸ்ஸா, நாமே கட்டிய எம்விஎஸ்ஸா?

சென்னையில் பதினெட்டு வருடம் மெயின்ஃபிரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரில் கோபோல் மொழியில் புரோகிராம் எழுதினேன். அந்த மெஷின் எழுந்து நிற்பதை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. ஐபிஎல் (கிரிக்கெட் இல்லை, இனிஷியல் புரோகிராம் லோட், அதாவது மெஷினைத் தொடங்கி வைப்பது) எல்லாம் நடுராத்திரியில் வேறு ஆட்கள் செய்வது. நாங்கள் காலையில் போய் ஜேசிஎல் (மெஷினுக்கு வேலையைச் சொல்லும் கட்டளைகள்) சப்மிட் செய்வதோடு சரி. மன்னார்குடிக்கே திரும்பிய பிறகு அந்த ஆசையையும் தீர்த்துக்கொள்ளலாம் என்று, 1999-ல் ரோஜர் பவுலர் தொடங்கிய ஹெர்குலிஸ் எமுலேட்டரை (மெயின்ஃபிரேம் போல நடிக்கும் மென்பொருள்) பழைய லேப்டாப்பில் ஏற்றினேன். மேலே ஓட்டுவதற்கு எம்விஎஸ் 3.8ஜே, ஐபிஎம் மெயின்ஃபிரேமின் பழைய ஆபரேட்டிங் சிஸ்டம். 16 எம்பி நினைவகத்துக்கு மேல் அதற்குத் தெரியாது என்பதால் எந்த லேப்டாப்பும் போதும்.

வழி இரண்டு. டிகே4-, டிகே5 போன்ற ஆயத்தப் பொதியை இறக்கி ஓட்டலாம். இல்லையென்றால் ஸ்டார்ட்டர் சிஸ்டம் என்ற சிறிய ஆரம்ப சிஸ்டத்திலிருந்து சிஸ்ஜென் செய்து, அதாவது நமக்கு வேண்டியபடி உருவாக்கி, நாமே கட்டலாம். இரண்டையும் செய்து பார்த்துவிட்டு, நானே கட்டியதையே வைத்துக்கொண்டேன்.

ஆயத்தப் பொதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரே கட்டளை, காபி ஆறுவதற்குள் டிஎஸ்ஓ (திரையில் உட்கார்ந்து மெஷினோடு பேசும் பகுதி) லாகான் திரை வந்துவிடும். கோபோல் கம்பைலரும் உள்ளேயே இருக்கிறது. ஆனால் 1968 தரத்தது, பிறகு வந்த எண்ட்-இஃப் எல்லாம் கிடையாது. நான் அதிகம் புழங்கியது டிகே4-தான். டிகே5-ஐ ஒரு வாரம்தான் ஓட்டினேன், அதனால் அதைப் பற்றி அடித்துப் பேச மாட்டேன்.

சிஸ்ஜென் எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. நமக்கு என்னென்ன சாதனம் வேண்டும் என்று மேக்ரோவில் எழுதி முதல் கட்டத்தை அசெம்பிள் செய்தால், அதன் விடையே இரண்டாம் கட்டத்துக்கான ஜாப்களாக வெளியே வரும். ஒரு சாதன முகவரியைத் தப்பாகப் போட்டுவிட்டு பாதி நாள் தேடினேன்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், எங்கள் ஊர் கரண்டுக்காக. ஐப்பசி மழையில் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு தடவை இன்வெர்ட்டரும் கைவிட்டது. அடுத்த நாள் டிகே4- பாதியில் நின்றது. அதில் கன்சோல் கேட்கும் கேள்விகளுக்கு ஸ்கிரிப்டே பதில் சொல்லிக்கொண்டிருந்ததால், என்ன கேட்கிறது, யார் பதில் சொல்கிறார்கள் என்று நான் கவனித்ததே இல்லை. கடைசியில் பார்த்தால், செக்பாயின்ட் (தன் நிலையைக் குறித்துவைக்கும் கோப்பு) பூட்டு கிடைக்கவில்லை, தொடரட்டுமா என்று, ஜாப்களை வரிசைப்படுத்தி ஓட்டும் ஜெஸ்2 கேட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறது. 'ஒய்' என்று ஓர் எழுத்து. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை. பொதியின் மேல் குற்றமில்லை, எனக்குத்தான் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை.

கடைமடைக்காரர்களுக்கு இது புரியும். வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் எந்த மதகில் நிற்கிறது என்று வாய்க்காலோடு மேலே நடக்க வேண்டும். மதகு எங்கே என்றே தெரியாதவன் எங்கே நடப்பான்?

கட்டிய சிஸ்டத்தில் ஒவ்வொரு மதகும் என் கையால் வைத்தது. ஐபிஎல் கொடுத்ததும் சிஸ்டம் பாராமீட்டர் கேட்கும். சந்தேகம் இருந்தால் 'சிஎல்பிஏ' கொடுப்பேன். பேஜ் டேட்டாசெட்டில் கிடக்கும் பழைய லிங்க் பேக் ஏரியாவை (எல்பிஏ, எல்லோருக்கும் பொதுவான புரோகிராம்கள் இருக்கும் இடம்) நம்பாமல், எல்பிஏ லைப்ரரியிலிருந்து புதிதாகக் கட்டிக்கொள்ளும். அப்புறம் ஜெஸ்2. இங்கே 'ஃபார்மட்' கொடுத்தால் ஸ்பூலில் (ஜாப்களுக்கான டிஸ்க் இடம்) காத்திருக்கும் ஜாப் எல்லாம் போச்சு. இருப்பதை அழிக்காமல் தொடரும் வார்ம் ஸ்டார்ட்டில் அவை தப்பிக்கும். அதற்குப் பிறகு டெர்மினல்களை இணைக்கும் விடாம், அப்புறம் டிஎஸ்ஓ. நின்றால் எதில் நிற்கிறது என்று கன்சோலின் கடைசிச் செய்தியே சொல்லிவிடும்.

பேக்கப் இரண்டிலும் சுலபம்தான். எமுலேட்டரை அணைத்துவிட்டு டிஸ்க் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரை நகலெடுத்தால் போதும்.

கோபோல் எழுதிப் பழக மட்டும் வேண்டுமா, ஆயத்தப் பொதியே எடுங்கள், ஞாயிற்றுக்கிழமைகள் மிஞ்சும். என் வீட்டில் மேகம் கருத்ததும் டிஎஸ்ஓ, விடாம், ஜெஸ்2 என்று ஏற்றியதற்குத் தலைகீழாக நிறுத்திவிட்டு, 'இசட் இஓடி' என்ற முடிக்கும் கட்டளையைக் கொடுத்து மூடுகிறேன். அந்த வரிசையை எழுதிய சீட்டு இன்வெர்ட்டர் மேல் ஒட்டியிருக்கிறது.