கீபோர்டில் தாளம் தவறுகிறதா? குவான்டைஸ், பஃபர், டைம்ஸ்டாம்ப்: எது எதற்கு?

மிடி கீபோர்டில் (எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்ற செய்தியைக் கணினிக்கு அனுப்பும் கீபோர்டு) வாசித்தது கணினியில் தாளம் தவறிப் பதிவானால், பலரும் முதலில் நாடுவது குவான்டைஸ்; அதாவது, பதிவான ஸ்வரங்களைத் தாளக் கட்டத்துக்குத் தானாக நகர்த்தி ஒழுங்குபடுத்தும் வசதி. அதைக் கடைசியாகத்தான் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கோளாறு இரண்டு வகை. கட்டையை அழுத்திச் சற்றுக் கழித்தே ஒலி கேட்பது ஒன்று. ஒலி உடனே கேட்டாலும், பதிவான ஸ்வரம் திரையில் முன்பின்னாக விழுந்திருப்பது இன்னொன்று. ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு உதவாது.

முதல் வகைக்கு பஃபரை, அதாவது கணினி ஒலியை வெளியிடுமுன் சேர்த்து வைக்கும் அளவை, குறைப்பதே நேர்வழி. 44.1 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 44,100 ஒலி மாதிரி, அதாவது சாம்பிள்) 512 சாம்பிள் பஃபர் 11.6 மில்லிசெகண்ட் தாமதம் தரும். 128 சாம்பிள் என்றால் 2.9 மட்டுமே. ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்கவே ஏறத்தாழ 3 மில்லிசெகண்ட் ஆகிறது. ஆக, 512 என்பது ஸ்பீக்கரை நான்கு மீட்டர் தள்ளி வைத்துக்கொண்டு வாசிப்பதற்குச் சமம். ஆனால் பஃபரை மிகவும் குறைத்தால் கணினி திணறி ஒலி வெடிக்கத் தொடங்கும். பதிவின்போது 128, மிக்ஸிங்கின்போது 512 அல்லது 1024 என்று மாற்றிக்கொள்வதே நல்லது.

அப்படியும் தீராவிட்டால், விண்டோஸில் டிரைவரை (ஒலிக் கருவியைக் கணினியுடன் இணைக்கும் மென்பொருள்) கவனியுங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கையாளும் வெளிப்பெட்டி) வைத்திருப்பவர்களுக்கு அதனுடன் வரும், தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவர்தான் சரி. லேப்டாப்பின் சொந்த ஒலி அட்டையை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஏசியோ ஃபோர் ஆல் போதும். மேக்கில் கோர் ஆடியோ என்ற ஒலி அமைப்பு இருப்பதால் இந்தத் தேர்வுக்கே வேலையில்லை. புளூடூத் ஹெட்ஃபோனின் தாமதத்தை பஃபரோ டிரைவரோ போக்காது; வயர் உள்ளதை மாட்டுங்கள். மாஸ்டர் ட்ராக்கில் லிமிட்டர் (ஒலி எல்லை மீறாமல் தடுப்பது) இருந்தால் பதிவு முடியும்வரை அணைத்து வையுங்கள். அதுவும் தாமதத்தைக் கூட்டும்.

மிடி கேபிள்மீது பழி போடுவோரும் உண்டு. நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் ஒரு ஸ்வரத்தின் செய்தி சென்றுசேர சுமார் 1 மில்லிசெகண்ட்தான் ஆகும். காது உணரும் தாமதத்துக்கு அது காரணமாக முடியாது.

ஒலி உடனே கேட்டும் ஸ்வரங்கள் இடம் மாறி விழுந்தால் பஃபரால் பயனில்லை. கியூபேஸ் என்ற இசைப் பதிவு மென்பொருளில் ஸ்டூடியோ செட்டப்பின் மிடி போர்ட் செட்டப் பக்கத்தில், விண்டோஸ் மிடி உள்ளீடுகளுக்கு சிஸ்டம் டைம்ஸ்டாம்பை (ஸ்வரம் வந்த நேரத்தைக் குறிக்கும் கணினியின் நேர முத்திரை) பயன்படுத்தும் தேர்வு இருக்கிறது. அதை மாற்றி, மெட்ரோனோமுடன் சில ஆவர்த்தனம் வாசித்துப் பாருங்கள். எல்லா ஸ்வரமும் ஒரே அளவு விலகியிருந்தால் இது பெரும்பாலும் தீர்த்துவிடும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் சிதறினால், கீபோர்டை யுஎஸ்பி ஹப்பிலிருந்து எடுத்துக் கணினியில் நேரடியாகச் செருகிப் பார்க்க வேண்டும்.

குவான்டைஸ் இந்தக் காரணங்கள் எதையும் தொடுவதில்லை. விளைவை மட்டும் மூடி மறைக்கிறது. 120 டெம்போவில் திஸ்ர நடையை (தட்டுக்கு மூன்று ஸ்வரம்) எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டுக்கு 500 மில்லிசெகண்ட்; ஸ்வரங்கள் 0, 167, 333 ஆகிய இடங்களில் விழ வேண்டும். தட்டை நான்காகப் பிரிக்கும் கட்டத்தில் குவான்டைஸ் செய்தால் அவை 0, 125, 375 என்று நகர்ந்து, நடையே குலைந்துவிடும். திஸ்ரத்துக்கான கட்டத்தைத் தேர்ந்தாலும், வாசித்தவர் வேண்டுமென்றே தள்ளி வைத்த ஸ்வரம் போய்விடும். பதிவு முறை சரியாக இருந்து, விரல்தான் தடுமாறியது என்று தெரிந்தபின் குவான்டைஸ் செய்யலாம். அப்போதும் கியூபேஸின் இட்டரேட்டிவ் குவான்டைஸ் போல, ஸ்வரத்தைக் கட்டத்தை நோக்கி ஓரளவு தூரம் மட்டும் நகர்த்தும் முறையே என் தேர்வு.