பட்டா யார் பேரில்? கருப்பட்டிக் கடை வெப்சைட்டும் என் 5 வருசமும்

"சைட் வாங்கியிருக்கேம்மா" என்று சொன்னதும் அம்மா கேட்டது, "எங்க? ரோட்டு மேலயா, உள்ளயா?" சாயல்குடியில் இருந்து கீழக்கரைப் பக்கம் போனால் கல் நட்டுக் கொடி கட்டிய மனைகள் கண்ணில் படாமல் இருக்காது. எங்கள் பக்கம் சைட் என்றால் அதுதான். இது மனை இல்லை, இன்டர்நெட்டில் நம்ம கருப்பட்டிக்கு ஒரு கடை என்று விளக்கினேன். "சரி, பட்டா யார் பேர்ல?" என்றார். சிரித்துக்கொண்டே போய்விட்டேன். அப்போது எனக்கே பதில் தெரியாது என்பதுதான் உண்மை.

அப்பா பனை ஏறினார், அம்மா விடிலி என்கிற குடிசையில் பதநீர் காய்ச்சினார், நான் விற்கிறேன். தூத்துக்குடி வழியாக ராமேஸ்வரம் போகிற வண்டிகள்தான் எங்கள் வியாபாரம். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குக் கடையில் நிற்க நேரம் இருக்காது. 2020 ஊரடங்கில் ரோட்டில் ஆடுகள் மட்டும் நின்றன. சீசன் நேரம் வேறு. சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்பட்டி உள்ளறை முழுக்க அடுக்கிக் கிடக்கிறது. பழைய ஆட்கள் போனில் பார்சல் கேட்டார்கள். என்ன விலை, சில்லுக் கருப்பட்டி இருக்கா, சுக்குப் போட்டது இருக்கா, சீனி கலக்காததுதானே? ஒரே பதிலை நூறு பேருக்குத் தட்டித் தட்டி அலுத்துப்போய்தான் வெப்சைட் பக்கம் வந்தேன். விலைப்பட்டியல், படம், எங்களைப் பற்றி, பார்சல் விவரம், வாட்ஸப் பட்டன். தேவை அவ்வளவுதான்.

அந்த ஆகஸ்டில் எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் உதவிக்கு வந்தான். மாதம் 69 ரூபாய் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த ஒரு ஹோஸ்டிங் கம்பெனியை, அதாவது வெப்சைட்டை வைக்க இடம் வாடகைக்கு விடும் கம்பெனியைக் காட்டினான். ஆனால் அந்த விலை 3 வருசத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான். 36 மாதத்துக்கு 2,484, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 2,931 ரூபாய். பணம் கட்டும் பக்கத்தில் பேக்கப், பாதுகாப்பு, இன்னும் என்னவோ என்று நாலு கட்டத்தில் அவர்களே டிக் அடித்து வைத்திருந்தார்கள். அவற்றை எடுத்துவிடாமல் இருந்திருந்தால் பில் இரண்டு மடங்காகியிருக்கும். இன்றைக்கும் யார் ஹோஸ்டிங் வாங்கினாலும் அந்தப் பக்கத்தில் ஒரு நிமிசம் நிற்கச் சொல்வேன்.

2023 ஆகஸ்டில் புதுப்பிக்கும் பில் வந்தது. மாதம் 249. ஒரு வருசத்துக்கு ஜிஎஸ்டியோடு 3,526 ரூபாய். 3 வருசத்துக்குக் கொடுத்ததை விட ஒரு வருசத்துக்கு 595 ரூபாய் கூடுதல்! ஏமாற்று என்று சொல்ல முடியாது. வாங்கிய அன்றே அந்தப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் புதுப்பிப்பு விலை போட்டுத்தான் இருந்தது. நாங்கள் படிக்கவில்லை. இப்போதெல்லாம் விலை பார்க்கும்போது முதல் வருச விலையைக் கையால் மறைத்துக்கொண்டு புதுப்பிப்பு விலையைத்தான் பார்க்கிறேன்.

சரி, பட்டா கதைக்கு வருகிறேன். ஹோஸ்டிங்கோடு டாட் இன் என்று முடிகிற டொமைன், அதாவது சைட்டின் பெயர், முதல் வருசம் இலவசம் என்றார்கள். தம்பி அவன் மெயில் ஐடியையும் அவன் போன் நம்பரையும் கொடுத்து, அவன் பெயரிலேயே பதிந்துவிட்டான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அப்போது எனக்கு மெயில் பார்க்கும் பழக்கமே கிடையாது. அடுத்த வருசம் அவன் கத்தாருக்கு வேலைக்குப் போய்விட்டான். டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்கள் எல்லாம் அவன் திறக்காத பெட்டியில் போய் விழுந்தன. 2021 ஆகஸ்ட் கடைசியில் சென்னையில் இருந்து ஒரு அம்மா போன் செய்து, "ஏம்மா, கடையை மூடிட்டீங்களா? உங்க சைட்டைத் திறந்தா ஏதோ விளம்பரமா வருது" என்றார்.

ஹோஸ்டிங்குக்கு 3 வருசம் பணம் கட்டியிருக்கிறோம், பிறகு எப்படி மூடும் என்றுதான் எனக்குப் புரியவில்லை. ஹோஸ்டிங் என்பது சாமான் வைத்திருக்கும் வாடகை அறை. டொமைன் என்பது வாசலில் மாட்டியிருக்கும் பெயர். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனிக் கெடு. அறை அப்படியே இருந்தது, உள்ளே என் படங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன, பெயர்தான் போய்விட்டது. தம்பிக்கு வாட்ஸப்பில் சொல்லி, அவன் லீவு நாளான வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருந்து, பழைய நம்பருக்குப் போகும் ஓடிபியை அவன் வீட்டில் இருந்த சிம்மைத் தேடி எடுத்துப் போட்டு வாங்கி, கூடவே பணத்தையும் கட்டி மீட்டோம். கெடு முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது என்பதால் கிடைத்தது. இன்னும் தள்ளிப் போயிருந்தால் மீட்பதற்கே தனி அபராதம், அதையும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளலாம். அன்றைக்கே டொமைனை என் பெயர், என் மெயில், என் நம்பருக்கு மாற்றினேன். அம்மாவிடம் போய், "பட்டா இப்ப நம்ம பேர்ல" என்றேன். "அப்ப இவ்வளவு நாள் யார் பேர்ல இருந்துச்சு?" என்று ஒரு பார்வை.

சைட்டை உருவாக்கவும் மாற்றவும் உதவும் வேர்ட்பிரஸ் என்ற சாஃப்ட்வேரைப் போடுவது கஷ்டம் இல்லை. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கமான சிபேனலில் ஒரு பட்டனை அழுத்தினால் ஐந்து நிமிசத்தில் நின்றுவிடும். அதன் பிறகுதான் தமிழ் எழுதுகிறவர்களுக்கு என்றே சில குழிகள் இருக்கின்றன. முதல் குழி பக்கத்தின் முகவரி. தலைப்பைத் தமிழில் எழுதினால் வேர்ட்பிரஸ் முகவரியையும் தமிழிலேயே வைக்கும். அதை வாட்ஸப்பில் ஒட்டியபோது ஒவ்வொரு எழுத்தும் குறியும் சதவீதக் குறி, எண், ஆங்கில எழுத்து என்று ஒன்பது ஒன்பதாக விரிந்துவிட்டது. 'கருப்பட்டி' என்பதில் மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் எண்ணினால் கணினிக்கு 10. ஆக அந்த ஒரு சொல்லே 90 எழுத்து. வேர்ட்பிரஸ் 200 எழுத்துக்கு மேல் முகவரியை விடாது என்பதால் இரண்டு சொல் தாண்டினாலே வெட்டிவிடுகிறது. வாங்க வந்தவர்கள் இது ஏதோ மோசடி லிங்க் என்று பயந்தார்கள். தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சின்னதாக நாமே திருத்திக்கொள்வது நல்லது.

இரண்டாவது குழியை 2023இல் அந்தப் புதுப்பிப்பு பில்லைக் கட்டாமல் கம்பெனி மாறும்போது பார்த்தேன். மதுரையில் பிசிஏ படிக்கிற அக்கா மகள்தான் மாற்றிக் கொடுத்தாள். மாற்றி முடித்துத் திறந்தால் படங்கள் இருக்கின்றன, விலை எண்கள் இருக்கின்றன, தமிழ் இருந்த இடம் முழுக்கக் கேள்விக்குறி. வரிசை வரிசையாகக் கேள்விக்குறி, நடுவில் 350, 400 என்று எண்கள் மட்டும். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சைட்டின் எழுத்தையெல்லாம் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் புது இடத்தில் ஆங்கிலம் போன்ற லத்தீன் எழுத்துக்கு ஏற்ற அமைப்பில் உருவாகியிருந்தது, தமிழை அது வாங்கவில்லை. கேள்விக்குறியாகச் சேமித்துவிட்டால் அதில் இருந்து தமிழைத் திரும்ப எடுக்க வழி கிடையாது. பழைய ஹோஸ்டிங் முடிய இன்னும் ஆறு நாள் இருந்ததால் தப்பித்தோம். அங்கிருந்து மறுபடி எடுத்து, தமிழையும் வாங்கும் யுடிஎஃப்8எம்பி4 என்ற அமைப்பில் புது டேட்டாபேஸ் போட்டு ஏற்றினாள். கம்பெனி மாறுகிறவர்கள் பழையதை இரண்டு வாரமாவது ஓடவிட்டு மாறுங்கள். கடைசி நாளில் வீடு காலி பண்ணுகிற மாதிரி செய்யாதீர்கள்.

'அன்லிமிடெட்' என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய கம்பெனியில் இடம் அன்லிமிடெட்தான். ஆனால் எத்தனை கோப்பு வைக்கலாம் என்பதற்கும், ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே வரலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. நாம் ஏற்றும் ஒரு படத்தை வேர்ட்பிரஸ் சின்னது பெரியது என்று ஐந்தாறாக வெட்டி வைத்துக்கொள்ளும், அத்தனையும் கணக்கில் சேரும். 2022இல் இந்த ரோட்டில் பயணம் செய்த ஒரு யூடியூப் தம்பி எங்கள் விடிலியைப் படம் பிடித்துப் போட்டார். அன்று சாயங்காலம் முழுக்க வெப்சைட்டில் 508 என்று ஒரு எண்தான் வந்தது. நமக்கு ஒதுக்கிய அளவு தீர்ந்துவிட்டது என்று அர்த்தமாம். சப்போர்ட்டில் கேட்டேன். அடுத்த பிளானுக்கு மாறச் சொன்னார்கள். இவ்வளவு கூட்டம் வருசத்தில் ஒரு நாள் வரும், அதற்காக வருசம் முழுக்க இரட்டிப்பு வாடகையா என்று விட்டுவிட்டேன்.

உண்மையான தப்பு என் பக்கமும் இருந்தது என்று பிறகு தெரிந்தது. போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருந்தேன். ஒவ்வொன்றும் 4, 5 எம்பி. முதல் பக்கத்தில் மட்டும் 11 படம். அக்கா மகள் எல்லாவற்றையும் 1,200 பிக்சலுக்குச் சுருக்கி, 150 கேபிக்குள் கொண்டுவந்தாள். ஓலைக் கொட்டானில் கருப்பட்டி இருக்கிற படம் முன்பு மேலிருந்து கீழே பட்டை பட்டையாக இறங்கும். இப்போது தட்டியதும் வந்து நிற்கிறது. பக்கத்தை முன்கூட்டியே தயாராக வைத்திருக்க, வேர்ட்பிரஸோடு சேரும் சின்ன சாஃப்ட்வேரான கேஷ் பிளகின் ஒன்றும் போட்டாள். அதற்குப் பிறகு 508 வரவில்லை.

எஸ்எஸ்எல், அதாவது வருகிறவருக்கும் சைட்டுக்கும் நடுவில் போகும் விவரத்தைப் பூட்டி அனுப்பும் ஏற்பாடு, அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 2018 ஜூலையில் இருந்தே அது இல்லாத சைட்டைக் குரோம் 'பாதுகாப்பற்றது' என்று காட்டுகிறது, ஆகவே கட்டாயம் வேண்டும். ஆனால் காசு கொடுத்து வாங்காதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது, பெரும்பாலான கம்பெனிகளில் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். கான்டாக்ட் ஃபார்மும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். எனக்கு வந்த ஆர்டர்களில் பாதி, குப்பை மெயில் போகிற ஸ்பாம் பெட்டியில் கிடந்தன, உள்ளே வந்த மெயில்களில் பாதி ரஷ்ய மொழி விளம்பரம். தூக்கிவிட்டு வாட்ஸப் லிங்க் வைத்தேன். அதில் 91ஐச் சேர்த்து நம்பர் போட வேண்டும், முன்னால் கூட்டல் குறியோ சைபரோ கூடாது. உணவுப் பொருள் விற்கிறவர்கள் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணைப் பக்கத்தின் கீழே போட்டுவிடுங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் பணம் அனுப்புகிறேன் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

இப்போதைய கம்பெனியில் மாதம் 150. வாங்கிய விலையும் புதுப்பித்த விலையும் ஒன்றேதான். ஜிஎஸ்டியோடு வருசத்துக்கு 2,124. டொமைனை வேறு இடத்தில் தனியாக வைத்திருக்கிறேன், அது 826. இடம் 10 ஜிபி, என் சைட் மொத்தமே ஒன்றரை ஜிபி தாண்டவில்லை. சைட் இருக்கும் கம்ப்யூட்டரான சர்வர் மும்பையில். முன்பு அமெரிக்காவில் இருந்ததை விட நன்றாகவே வேகம் தெரிகிறது. சப்போர்ட் சுமார்தான், ராத்திரி கேட்டால் காலையில்தான் பதில். மாதம் ஒன்றாம் தேதி நானே சிபேனலில் முழு பேக்கப் எடுத்து லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று வைக்கிறேன்.

2023 டிசம்பரில் தூத்துக்குடிப் பக்கம் வெள்ளம் வந்தபோது எங்களுக்கு இரண்டு நாள் கரண்ட் இல்லை. பார்சல் எல்லாம் அந்த வழியாகத்தான் போக வேண்டும். மாடியில் ஒரு மூலையில் மட்டும் சிக்னல் கிடைத்தது. அங்கே குடை பிடித்து நின்றுகொண்டு, போனிலேயே வேர்ட்பிரஸைத் திறந்து, 'மழையால் பார்சல் தாமதம், பணம் அனுப்ப வேண்டாம்' என்று முதல் பக்கத்தில் போட்டேன். கடை இருட்டில் கிடந்தது, சைட் மும்பையில் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா மகள் இப்போது வேறு பாட்டுப் பாடுகிறாள். "சித்தி, அஞ்சு பக்கத்துக்கு எதுக்கு வேர்ட்பிரஸ், டேட்டாபேஸ் எல்லாம்? வெறும் எச்டிஎம்எல்லா எழுதி கிளவுட்ஃபிளேர் பேஜஸ்ல போட்டா ஒத்த ரூபா ஆகாது." கிளவுட்ஃபிளேர் பேஜஸ் இந்த மாதிரி வெறும் பக்கங்களை இலவசமாக வைக்கும் இடமாம். அதே மாதிரி கிட்ஹப் பேஜஸும் இலவசம்தான், ஆனால் ஆன்லைன் வியாபாரத்துக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது என்பதையும் அவள்தான் படித்துச் சொன்னாள். கணக்குப் பார்த்தால் அவள் சொல்வது சரி. பிளகின் அப்டேட் தொல்லை இல்லை, 508 இல்லை. போன மாதம் ஒரு நகல் செய்தே காட்டிவிட்டாள். கண் மூடித் திறப்பதற்குள் பக்கம் வருகிறது. சீசன் தொடங்கி விலை ஏறியதும் பழைய சைட்டில் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மாற்றிவிட்டேன். நகலில் எப்படி மாற்றுவது என்று கேட்டேன், பரீட்சை முடிந்து வந்து சொல்லித் தருகிறேன் என்றாள். அதில் இன்னும் போன வருசத்து விலைதான் இருக்கிறது.