சுத்தியலா, மின்துடிப்பா, மோட்டாரா? நீட்சி அனிச்சையின் மில்லி நொடிகளை அளக்கும் வழிகள்

முழங்கால் சில்லுக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கால் உதறுகிறது. இழுபட்ட தசை தானாகவே சுருங்கும் இந்தப் பதில்தான் நீட்சி அனிச்சை. தட்டு விழுந்த கணத்திலிருந்து தொடைத் தசையில் மின் அலை கிளம்பும் வரை, ஆரோக்கியமான பெரியவர்களுக்குச் சுமார் 20 மில்லி நொடி ஆகும். 1875-ல் எர்ப், வெஸ்ட்பால் என்ற இரண்டு ஜெர்மானிய மருத்துவர்கள் தனித்தனியே இந்த உதறலைப் பதிவு செய்தார்கள். இது தண்டுவடம் வழியாக நடக்கும் அனிச்சை என்றார் எர்ப். தசை நேரடியாகவே துடிக்கிறது என்றார் வெஸ்ட்பால். எர்ப் சொன்னதுதான் சரி என்று பின்னால் தெளிவானது.

இன்று இந்த நேரத்தை அளக்க ஆய்வுக்கூடங்களில் மூன்று வழிகள் புழங்குகின்றன: தசைநாணைச் சுத்தியலால் தட்டுவது, நரம்புக்கு மின்துடிப்பு கொடுப்பது, மூட்டை மோட்டாரால் திருப்புவது. மூன்றிலும் கடைசியில் கிடைப்பது மில்லி நொடியில் ஓர் எண். அதனால் ஒன்றுக்கு இன்னொன்று மாற்று என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. அது சரியல்ல. கடிகாரம் எங்கே ஓடத் தொடங்குகிறது என்பது மூன்றிலும் வேறு. அதைக் கவனிக்காமல் எண்களை அருகருகே வைத்தால் ஒப்பீடு பொய்யாகும்.

சுத்தியல்

உண்மையான நீட்சி அனிச்சையை மிகக் குறைந்த செலவில் அளக்கும் வழி இதுதான். தட்டு தசைநாணை இழுக்கிறது, தசைக்குள் நீட்சியை உணரும் தசைக்கதிர்கள் நீள்கின்றன, செய்தி தண்டுவடம் போய்த் திரும்புகிறது. முழு வளையமும் இயங்குகிறது. முழங்காலில் சுமார் 18 முதல் 22, குதிகால் தசைநாணில் சுமார் 30 முதல் 38 மில்லி நொடி என்ற வட்டத்தில் பெரும்பாலான பெரியவர்கள் வருவார்கள்.

சிக்கல் முழுவதும் சுத்தியலில் இருக்கிறது. சாதாரண நரம்பியல் சுத்தியலுக்குத் தான் எப்போது தட்டியது என்று தெரியாது. இதற்கு நல்ல தீர்வு, ரப்பர் தலைக்குப் பின்னால் அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும் 27 மில்லிமீட்டர் பீசோ வட்டு ஒன்றை ஒட்டுவது. இசைக்கருவிகளில் ஒலி எடுக்கப் பயன்படும் அதே மலிவான வட்டு போதும். பலமாக அடித்தால் அது பல வோல்ட் கொடுத்து உள்ளீட்டைக் கெடுத்துவிடும். எனவே இணையாக 1 மெகாஓம் மின்தடையும், எதிரெதிர்த் திசையில் இரண்டு டயோடுகளும் போட வேண்டும். இந்த சிக்னலை இஎம்ஜி (தசையின் மின் அலைப் பதிவு) பதிவாகும் அதே கருவியின் இரண்டாவது சானலில் கொடுங்கள். தனிக் கணினியில், தனிக் கடிகாரத்தில் பதிந்துவிட்டுப் பிறகு கோத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அளவீடு அங்கேயே போயிற்று.

கம்பியில்லா இஎம்ஜி சென்சார்களில் இன்னும் கவனம் தேவை. சில கருவிகள் சிக்னலைப் பத்துக்கணக்கான மில்லி நொடிகள் தாமதித்தே வெளியிடும். அளக்கப்போவதே 20 மில்லி நொடி எனும்போது இந்தத் தாமதம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. சென்சாரை மேசைமீது வைத்து அதன் தலையிலேயே சுத்தியலால் தட்டுங்கள். சுத்தியல் சானலிலும் இஎம்ஜி சானலிலும் அதிர்வு ஒரே கணத்தில் தெரிய வேண்டும். இடைவெளி இருந்தால் அது கருவியின் தாமதம். பத்து முறை தட்டிப் பாருங்கள். இடைவெளி மாறாமல் இருந்தால் கழித்துவிடலாம். தட்டுக்குத் தட்டு அலைந்தால் அந்தக் கருவி இந்த வேலைக்கு உதவாது.

அடுத்த தொல்லை, தட்டின் அதிர்வே தோல் வழியாக ஓடி எலக்ட்ரோடை ஆட்டுவது. முழங்காலில் இந்தப் போலி அலை 5 முதல் 15 மில்லி நொடிக்குள் வரக்கூடும். 20-ல் வரும் உண்மையான அலைக்கு இது ஆபத்தான அண்டை வீட்டுக்காரன். எலக்ட்ரோடுகளைத் தொடையில் இன்னும் மேலே வைப்பது, கம்பிகளை டேப் போட்டு அசையாமல் ஒட்டுவது, தோலை நன்றாகத் தேய்த்து ஆல்கஹாலால் துடைப்பது ஆகிய மூன்றும் வடிகட்டியைவிட அதிகம் உதவும். சந்தேகம் வந்தால், தசைநாணை விட்டு அருகில் உள்ள எலும்பில் அதே பலத்தில் தட்டுங்கள். அலை அப்போதும் அதே இடத்தில், அதே வடிவில் வந்தால் அது அதிர்வாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் எலும்பில் தட்டினாலும் அதிர்வு பரவி அனிச்சை கிளம்புவது உண்டு என்பதால், வடிவத்தையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தட்டின் பலம் கைக்குக் கை மாறும். இது அலையின் உயரத்தைப் பெரிதும் மாற்றும், தாமத நேரத்தைக் கொஞ்சமாக மாற்றும். ஊசல்போல் தொங்கவிட்ட சுத்தியலை ஒரே கோணத்திலிருந்து விட்டால் இந்த ஏற்ற இறக்கம் அடங்கும். 5 முதல் 10 நொடி வரை, ஒழுங்கில்லாத இடைவெளியில், 10 முதல் 15 தட்டுகள் போதும். சராசரியைவிட நடு எண்ணை எடுப்பது நல்லது. அலை எழவில்லை என்றால் கைவிரல்களைக் கொக்கிபோல் கோத்து இழுக்கச் சொல்லும் யென்ட்ராசிக் முறை கைகொடுக்கும். ஆனால் ஒருவருக்குச் செய்தால் குழுவில் எல்லோருக்கும் செய்ய வேண்டும்.

மின்துடிப்பு

1910-ல் பால் ஹாஃப்மன் காட்டிய வழி. அவர் பெயரின் முதல் எழுத்தால் எச்-ரிஃப்ளெக்ஸ் எனப்படுகிறது. முழங்கால் மடிப்பில் டிபியல் நரம்பைத் தூண்டினால், கெண்டைக்காலின் சோலியஸ் தசையில் சுமார் 30 மில்லி நொடியில் அலை வருகிறது. கடிகாரத்தின் பூஜ்ஜியம் இங்கே கத்தி முனைபோல் கூர்மையானது, ஏனெனில் கருவியே துடிப்பை அனுப்புகிறது. எண்களின் சிதறல் சுத்தியலைவிடக் குறைவாக இருப்பதற்கு இதுவே முதல் காரணம்.

ஆனால் இது நீட்சி அனிச்சை அல்ல. தசைக்கதிரைத் தாண்டி, உணர்வு நரம்பிழையை நடுவழியில் பிடித்துத் தூண்டுகிறோம். ‘நீட்சி அனிச்சையின் நேரம்’ என்று தலைப்பிட்டு எச்-ரிஃப்ளெக்ஸ் எண்ணைத் தருவது தவறு.

செய்முறையில் மூன்று இடங்களில் தவறு நடக்கும். முதலாவது, துடிப்பின் அகலம். 1 மில்லி நொடி அகலமான துடிப்பு உணர்வு இழைகளை முதலில் பிடிக்கும். 0.1 மில்லி நொடி என்றால் இயக்க இழைகள் முந்திக்கொள்ளும். இரண்டாவது, எதிர்மின் முனை தண்டுவடத்தின் பக்கம் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் மேலே போகும் செய்தி நேர்மின் முனையடியில் தடைபடலாம். மூன்றாவது, இடைவெளி. ஒரு நொடிக்கு ஒன்று என்று அடித்தால் அலை சுருங்கிப்போகும், 10 நொடி விட்டால் நல்லது.

மின்னோட்டத்தைச் சிறு படிகளாக ஏற்றும்போது முதலில் எச் அலை மட்டும் தோன்றும். பிறகு 5 மில்லி நொடி அருகே, இயக்க இழை வழியாக நேரே தசைக்கு வரும் எம் அலை முளைத்து வளரும். எம் பெரிதாகப் பெரிதாக எச் சுருங்கி மறையும். இந்த மூன்று கட்டத்தையும் கண்ணால் பார்த்த பிறகே எண்ணை எழுத வேண்டும். பார்க்காதவர்கள், அதிக மின்னோட்டத்தில் இயக்க இழை வழியாகவே தண்டுவடம் போய்த் திரும்பும் எஃப் அலையை எச் என்று குறித்துவிடுகிறார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும். எஃப் அலை சிறியது, துடிப்புக்குத் துடிப்பு வடிவம் மாறும். எச் அலை ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரும்.

இதில் பெரிய வசதி, எதிர்பார்க்கும் எண்ணைக் கணக்கிட முடிவது. பிராடம், ஜான்சன் இருவரின் 1974 சூத்திரம்: 9.14 + (0.46 × முழங்கால் மடிப்பிலிருந்து உள் கணுக்கால் வரை செ.மீ.) + (0.1 × வயது). 30 வயது, 40 செ.மீ. என்றால் 30.5 மில்லி நொடி. 36 செ.மீ. காலுக்கும் 43 செ.மீ. காலுக்கும் இடையே மட்டும் 3.2 மில்லி நொடி வித்தியாசம். கால் நீளம் அளக்காமல் இரண்டு குழுக்களை ஒப்பிட்டால் பல நேரம் உயரத்தைத்தான் ஒப்பிடுகிறோம்.

முழங்கால் அனிச்சைக்கு இந்த வழி சரிப்படாது. தொடை நரம்பை இடுப்பு மடிப்பில் தூண்ட வேண்டும், படுத்திருப்பவருக்கு அசௌகரியம், எம் அலையும் எச் அலையும் நெருங்கி நிற்கும். இதயமுடுக்கி போன்ற மின்கருவி உடலில் உள்ளவர்களுக்கு இதைச் செய்ய வேண்டாம்.

மோட்டார்

பாதத்தைத் தட்டில் கட்டி, கணுக்காலை 6 முதல் 8 டிகிரி, நொடிக்கு 200 முதல் 300 டிகிரி வேகத்தில் மேலே மடக்குவது. ஆள் முன்கூட்டியே தசையைத் தன் முழுப் பலத்தில் 10 சதவீதம் அளவுக்கு இறுக்கி வைத்திருக்க வேண்டும். சோலியஸில் சுமார் 40-ல் ஒன்று, 60–70-ல் ஒன்று, 90-ஐ ஒட்டி ஒன்று என்று அலைகள் வரிசையாக வரும். சுத்தியலும் மின்துடிப்பும் காட்டாத பின்வரிசை அலைகளை இதுவே தெளிவாகக் காட்டும். 1956-ல் ஹாமண்ட், கையை இழுக்கும் முன் ‘எதிர்த்து நில்’ என்றும் ‘விட்டுவிடு’ என்றும் சொல்லிப் பார்த்தார். சொல்லுக்கு ஏற்ப மாறியது பின்னால் வரும் பதில்தான். அந்தக் கேள்வி உங்களுடையது என்றால் வேறு வழி கிடையாது.

தட்டினால் 34, மோட்டாரில் 40 என்று ஏன் தள்ளிப்போகிறது? மோட்டார் வேகமெடுக்கவே பல மில்லி நொடிகள் ஆகும். தசைக்கதிர் எந்தக் கணத்தில் விழித்தது என்பது அந்தச் சரிவுக்குள் ஒளிந்துவிடுகிறது. கட்டளை போன நேரத்தைப் பூஜ்ஜியம் என்று வைத்தால் பிழை இன்னும் கூடும். பாதத்தட்டில் முடுக்கமானி ஒன்றை ஒட்டி, அது அசைந்த கணத்தைப் பூஜ்ஜியமாகக் கொள்ளுங்கள். குதிகால் வார் தளர்ந்திருந்தால் தட்டு திரும்பும், கணுக்கால் திரும்பாது. முதலில் பார்க்க வேண்டியது அந்த வாரைத்தான். தாமத நேரம் மட்டும் வேண்டும் என்பவருக்கு இத்தனை செலவும் உழைப்பும் வீண்.

கைப்பேசி வீடியோ பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். நொடிக்கு 240 படம் என்றால் ஒரு படத்துக்கு 4.2 மில்லி நொடி. மேலும் வீடியோ காட்டுவது காலின் அசைவை. தசையில் மின் அலை எழுந்து கால் நகரப் பத்துக்கணக்கான மில்லி நொடிகள் கூடுதலாக ஆகும். தசை தளரும் வேகத்தைப் பார்க்க உதவலாம், நரம்பு வளையத்தின் நேரத்துக்கு உதவாது.

தொடக்கப் புள்ளியைக் குறிப்பது

எந்த வழியானாலும் நொடிக்கு 5,000 மாதிரிகள் எடுங்கள். 1,000 என்றால் ஒரு மாதிரிப் புள்ளி நகர்ந்தாலே முழங்கால் எண்ணில் 5 சதவீதம் பிசகும். 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைக் கொல்லும் நாட்ச் வடிகட்டியைத் தொடாதீர்கள், அது கூர்மையான அலைக்குப் பின் அதிர்வு வால் விடும். தரை எலக்ட்ரோடைச் சரிசெய்வதே மருந்து. சிக்னலை முன்னும் பின்னும் ஓட்டும் வடிகட்டிகள் அலையின் பாதத்தை முன்னோக்கிக் கசியவிட்டு, தொடக்கத்தை உண்மையைவிடச் சீக்கிரமாகக் காட்டும். அலைகளைச் சராசரி செய்தபின் தொடக்கம் தேடினாலும் அதே கதை: மிகச் சீக்கிரம் வந்த ஓர் அலை எல்லாவற்றையும் தன் பக்கம் இழுக்கும். ஒவ்வொரு அலையிலும் தனித்தனியே குறித்துப் பிறகு நடு எண் எடுங்கள்.

முழங்கால் என்றால் கருவி பொருத்திய சுத்தியலே என் தேர்வு. கணுக்கால் என்றால் ஒரே அமர்வில், எலக்ட்ரோடுகளை நகர்த்தாமல், சுத்தியலும் மின்துடிப்பும் இரண்டுமே. தட்டின் நேரத்திலிருந்து எச் நேரத்தைக் கழித்தால் மிஞ்சும் சில மில்லி நொடிகள், அதிர்வு தசைக்கதிரை அடைந்து, அங்கிருந்து செய்தி முழங்கால் மடிப்பு வரை ஏறிய நேரம். அந்தத் துண்டு இரண்டு வழிகளில் ஒன்றை மட்டும் செய்பவர்களுக்குக் கிடைக்காது. தொடங்குமுன் கெண்டைக்காலின் தோல் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏசி அறையில் அரை மணி நேரம் வெறுங்காலோடு காத்திருந்தவரின் நரம்பு உண்மையிலேயே மெதுவாகக் கடத்தும், போர்வை போட்டுச் சூடாக்கிய பிறகு அளக்கலாம்.