லேசர் பாய்ப்படகு: 4, 6, 7-ல் எதை வாங்கலாம்?

லேசர் என்பது ஒருவர் ஓட்டும் சிறு பாய்ப்படகு. இன்று அதன் பெயர் இல்கா; பாயின் அளவைப் பொறுத்து 4, 6, 7 என்று மூன்று வகை. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் எடை 60-லிருந்து 70 கிலோவுக்குள் இருந்தால் இல்கா 6 வாங்குங்கள். அதிலும் புதுப் படகு வேண்டாம், ஹல் (படகின் உடல்) உறுதியாக இருக்கிற பழசு போதும். மிச்சமாகும் காசில் நல்ல பாய் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

விற்பனை விளம்பரம் பார்ப்பவர்களுக்குப் பெயர்க் குழப்பம் வரும். 2019-ல் வணிகப் பெயர் தகராறு வந்து, லேசர் என்ற படகு இல்கா ஆனது. பழைய ஸ்டாண்டர்டுதான் இன்றைய 7. ரேடியல் 6 ஆனது, 4.7 என்பது 4 ஆனது. எங்கள் சென்னைத் துறைமுகத்துப் பக்கம் இன்னும் எல்லாரும் லேசர் என்றுதான் சொல்கிறோம். நானும் அப்படியே கலந்து எழுதப் போகிறேன்.

மூன்றுக்கும் ஹல் ஒன்றே என்பதை விற்பவர்கள் அழுத்திச் சொல்வதில்லை. நீளம் 4.2 மீட்டர், எடை 59 கிலோ. சுக்கான், டாகர்போர்டு (படகு பக்கவாட்டில் நகராமல் தடுக்க நடுவில் இறக்கும் பலகை), பூம் (பாயின் அடிப்பக்கத்தைப் பிடிக்கும் குறுக்குக் கழி), பாய்மரத்தின் மேல் துண்டு எல்லாம் பொது. மாறுவது மரத்தின் கீழ்த் துண்டும் பாயும் மட்டும். பாய் 7-க்கு 7.06 சதுர மீட்டர், 6-க்கு 5.76, 4-க்கு 4.7. பாய் சிறுத்தால் அதன் இழுவிசை முன்னால் நகர்ந்து படகின் சமநிலை கெடும். அதனால் 4-இன் கீழ்த் துண்டைப் பின்பக்கமாகச் சற்று வளைத்தே செய்கிறார்கள். முதல்முறை பார்ப்பவர்கள் கோணிப்போன மரம் என்று நினைத்துப் பேரம் பேசுவதுண்டு!

எனக்கு 67 கிலோ, மகளுக்கு 46. ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் பாய்ப்படகில் ஓட்டிப் பழகியவள், இப்போது கால் மடக்க இடமில்லாமல் வளர்ந்துவிட்டாள். இரண்டு பேருக்கும் ஒரே ஹல், இரண்டு கீழ்த் துண்டு, இரண்டு பாய் என்று கணக்குப் போட்டபோதுதான் இந்தப் படகின் அருமை முழுதாகப் புரிந்தது. அவள் 4-இல் ஆரம்பித்து, எடை ஏறினால் என் 6-க்கு வந்துவிடலாம். படகை மாற்றவே வேண்டாம்.

7-ஐயும் ஓட்டிப் பார்த்தேன். காலையில் காற்று மெலிந்திருக்கும்போது சுகம்தான், பெரிய பாய் சின்ன மூச்சையும் பிடித்துக்கொள்கிறது. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பியதும் கதை மாறிவிடும். ஹைக்கிங் பட்டையில் காலை மாட்டி உடம்பு முழுவதையும் வெளியே தொங்கவிட்டாலும் என் எடைக்குப் படகு நிமிராது. பாயைத் தளர்த்திக்கொண்டே போக வேண்டும், தளர்த்தினால் வேகம் போய்விடும். 80 கிலோ ஆளுக்குத்தான் அது சரிப்படும். அதே காற்றில் 6 என்றால் மெயின்ஷீட்டை (பாயைக் கட்டுப்படுத்தும் கயிற்றை) இழுத்துப் பிடித்து ஓட்ட முடிகிறது. 'ஆம்பளைங்க 7-தான் ஓட்டணும்' என்று கிளப்பில் ஒரு பேச்சு உண்டு. ஒலிம்பிக்கில் 2008 முதல் ஆண்களுக்கு 7, பெண்களுக்கு 6 என்பதால் வந்த பேச்சு அது. நம் நாட்டு வீரர்கள் விஷ்ணு சரவணன் 7-இலும் நேத்ரா குமணன் 6-இலும் டோக்கியோ, பாரிஸ் இரண்டுக்கும் போனார்கள். நமக்கு ஒலிம்பிக் இல்லை, தராசு காட்டும் எண்ணை நம்பினால் போதும்.

பழைய படகு பார்க்கப் போகும்போது பளபளப்பில் மயங்காதீர்கள். மரம் இறங்கும் குழியில் தண்ணீர் ஊற்றி விளிம்புவரை நிரப்பிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் ஹல்லுக்குள் கசிகிறது என்று அர்த்தம். குழியில் மணல் விழுந்து, மரம் சுழலச் சுழல அடிப்பாகம் அரைபட்டுத் தேய்ந்துவிடும். பலத்த காற்றில் அந்த இடம் பிய்ந்தால் மரம் டெக்கையும் (படகின் மேல்தளத்தையும்) கிழித்துக்கொண்டு சாயும். நான் பார்த்த படகுகளில் ஒன்று, புதுப் பெயின்ட் அடித்து மின்னியது, இந்தச் சோதனையில் பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. உரிமையாளர் "வெயில்ல ஆவியாயிடுச்சு சார்" என்றார்.

அடுத்து டெக்கைக் கட்டை விரலால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் உள்ளே இருக்கும் ஃபோம் ஒட்டு விட்டிருக்கிறது. முடிந்தால் எடை போடுங்கள், தண்ணீர் குடித்த ஹல் 59 கிலோவில் நிற்காது. அலுமினிய மேல் துண்டைச் சமதரையில் உருட்டிப் பாருங்கள். தாவித் தாவி உருண்டால் வளைந்திருக்கிறது. கார்பன் கலந்த புது மேல் துண்டில் இந்தத் தொல்லை இல்லை, விலைதான் உறுத்தும்.

கயிறுகளில் பழையது, புதியது வித்தியாசம் மிகப் பெரிது. பழைய லேசரில் பூமைக் கீழ்நோக்கி இழுத்து வைக்கும் வாங் கயிற்றுக்குக் கப்பிகள் குறைவு, காற்று ஏறியபின் இழுக்கப் பல்லைக் கடிக்க வேண்டும். புது அமைப்பில் கப்பிகள் கூடுதல், வாங், பாயின் முன்விளிம்பை இறுக்கும் கன்னிங்ஹாம், அடிவிளிம்பை இறுக்கும் அவுட்ஹால் மூன்றையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே சரிசெய்யலாம். என் மகள் பழையதை இழுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இது நீங்களே வச்சுக்கோங்க" என்றாள். பழைய ஹல்லிலும் புது அமைப்பைப் பொருத்தலாம் என்பதால் இதற்காக ஒரு நல்ல ஹல்லை விட்டுவிடாதீர்கள், விலையில் குறைத்துக் கேளுங்கள்.

பாயில் ஒரு எச்சரிக்கை. பயிற்சிப் பாய் என்று மலிவாகக் கிடைப்பது ஓட்டுவதற்கு நன்றாகவே இருக்கும், ஆனால் இல்கா வகைப் படகுகளுக்கான விதிப்படி நடக்கும் போட்டியில் செல்லாது. ரேஸ் ஓட்டும் எண்ணம் இல்லையென்றால் தாராளமாக வாங்கலாம்.

இதே மாதிரி ஒருவர் ஓட்டும் ஆர்எஸ் ஏரோ என்ற படகை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். ஹல் 30 கிலோதான். கரையில் தூக்கி வைக்கும்போது ஏக்கமாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே என்னோடு போட்டி போட ஏரோ இல்லை, ஒரு சாமான் உடைந்தால் இரவல் கேட்கவும் ஆளில்லை. உலகம் முழுக்க இரண்டு லட்சத்துக்கும் மேல் இறங்கிய லேசருக்கு அந்தக் கவலை கிடையாது.

குறையே இல்லையா? இருக்கிறது. ஜைப் செய்யும்போது (பின்காற்றில் திரும்பி, பாயை மறுபக்கம் மாற்றும்போது) மெயின்ஷீட் பின்மூலையில் போய்ச் சிக்கும், 1971-இல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். பூம் தாழ்வு, தலையைக் குனிய மறந்தால் நினைவூட்டிவிடும். நடுவயது முட்டிக்கு ஹைக்கிங் கொடுமை. இரண்டு பேர் சாவகாசமாக உலாப் போக இது ஏற்ற படகே இல்லை.

பேரம் முடிப்பதற்கு முன் கரையில் படகைத் தள்ளும் வண்டியும் விலையில் சேர்த்தியா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பலர் அதைத் தனியாக விற்கிறார்கள். அது இல்லாமல் மணலில் ஒருவராக இந்தப் படகை நகர்த்த முடியாது.