ஃபேகினா, சைக்ஸா? 'ஆலிவர் ட்விஸ்ட்' படப் பதிப்பு: ஒரு வாசக மதிப்பீடு

சார்லஸ் டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலைக் கல்லூரி நாள்களில் சுருக்கப் பதிப்பில் படித்ததோடு நிறுத்தியிருந்த நான், ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் அதற்கு வரைந்த 24 படங்களும் அடங்கிய முழு ஆங்கிலப் பதிப்பு ஒன்றை அண்மையில் 700 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கெட்டி அட்டை, கண்ணை உறுத்தாத எழுத்து, விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளாத தையல் கட்டு என்று நூலாக்கத்தில் குறை சொல்ல அதிகமில்லை. படங்களின் அச்சு வேறு கதை. அதைக் கடைசியில் சொல்கிறேன். 53 அத்தியாயங்களையும் படித்து முடித்தபோது, அநாதைச் சிறுவன் ஆலிவரைத் திருட்டுக்கு இழுக்கும் இரு வில்லன்களில், பையன்களைத் திருடப் பழக்கும் கிழவன் ஃபேகினா, வீடு புகுந்து கொள்ளையடிக்கும் பில் சைக்ஸா, யார் கொடியவன் என்று இத்தனை காலம் நான் எண்ணியிருந்தது தலைகீழாகிவிட்டது.

சுருக்கப் பதிப்பு படித்தவர்கள் தயங்காமல் பில் சைக்ஸின் பெயரைச் சொல்வார்கள். தன்னோடு வாழும், தன்னை விட்டுப் போக மனமில்லாத, அதே கும்பலைச் சேர்ந்த நான்சியை, அவள் மன்றாடிக்கொண்டிருக்கும்போதே அடித்துக் கொல்பவன் அவன். இப்பதிப்பில் சேர்த்திருக்கும் 1841ஆம் ஆண்டு முன்னுரையில் டிக்கன்ஸும், மீட்கவே முடியாதபடி கெட்டுப்போகும் மனிதர்கள் உலகில் இருக்கத்தான் செய்கிறார்கள் என்று சைக்ஸை வைத்தே வாதிடுகிறார். ஆசிரியரே தீர்ப்பு எழுதிய பிறகு வாசகன் மேல்முறையீட்டுக்குப் போவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் 47ஆம் அத்தியாயத்தை நிதானமாகப் படித்த எவருக்கும் அந்த ஆசை வராமல் போகாது.

விடிவதற்கு இரண்டு மணி நேரம் இருக்கும் வேளையில், அணைந்த அடுப்பின் முன் கந்தலைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, நீண்ட கறுத்த நகங்களைக் கடித்தபடி ஃபேகின் காத்திருக்கிறான். ஆலிவருக்கு உதவுகிறவர்களை நான்சி இரகசியமாகச் சந்தித்ததைப் பின்தொடர்ந்து உளவறிந்த நோவா கிளேபோல் அருகில் உறங்குகிறான். சைக்ஸ் வந்ததும் ஃபேகின் செய்தியை நேராகச் சொல்வதில்லை. இந்தப் பையன் நம்மைக் காட்டிக்கொடுத்தால் என்ன செய்வாய், நானே காட்டிக்கொடுத்தால் என்ன செய்வாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, யாராக இருந்தாலும் விடமாட்டேன் என்று அவன் வாயாலேயே சொல்லவைத்த பிறகுதான், தூங்குகிறவனை எழுப்பி நான்சியின் பெயரை வெளியே கொண்டுவருகிறான். வெறியோடு கிளம்பும் சைக்ஸிடம் அவன் கடைசியாகக் கேட்டுக்கொள்வது, ரொம்பவும் முரட்டுத்தனமாக நடந்துகொள்ள மாட்டாயே என்பது. அதுவும் பிடிபடாமல் இருக்க வேண்டுமே என்ற அக்கறையில்தான். ஆலிவருக்கு உதவுகிறவர்கள் ஃபேகினைக் காட்டிக்கொடுக்கச் சொன்னபோது நான்சி மறுத்துவிட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். அந்த மறுப்பை அவன் நம்பவில்லை என்று டிக்கன்ஸ் அந்த அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே எழுதுகிறார். ஆனால் அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அந்த ஒரு செய்தி சைக்ஸின் காதுக்கு எட்டவே இல்லை.

சைக்ஸின் கொடுமை கையில் இருக்கிறது. அடித்து முடித்தவுடன் அது அவனையே திருப்பித் தாக்குகிறது. இறந்தவளின் கண்கள் அவனை எங்கும் விடுவதில்லை. யாருடைய வீடோ எரிகிறது என்று தெரிந்ததும் ஓடிப்போய் இரவெல்லாம் தீயணைக்கிறான். மனிதக் கூட்டத்தின் நடுவே நிற்க ஒரு சாக்கு கிடைத்ததே என்ற ஆறுதல் அவனுக்கு. முடிவில் கூரையிலிருந்து தப்ப முயலும்போது அதே கண்களைக் கண்டு அலறி, தான் கட்டிய கயிற்றிலேயே தொங்கிப்போகிறான். ஃபேகினுக்கு அப்படியொரு உறுத்தல் நாவலில் எங்கும் இல்லை. தூக்கில் போனவர்கள் வாய் திறக்காமல் போனதற்காக மரண தண்டனையை மெச்சிக்கொள்பவன் அவன்.

ஃபேகினே கொடியவன் என்ற இந்தத் தீர்ப்புக்கு ஒரு நெருடல் உண்டு. ஃபேகினை மூச்சுக்கு மூச்சு 'யூதன்' என்று குறிப்பிட்டு, தனிமனிதனின் தீமையை ஓர் இனத்தின் தலையில் கட்டுகிறது கதை. 1863இல் எலைசா டேவிஸ் என்ற யூதப் பெண்மணி இதைக் கண்டித்து டிக்கன்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1867 பதிப்பில் டிக்கன்ஸ் அச்சொல்லைப் பல இடங்களில் நீக்கினாலும், முற்பகுதி பெரும்பாலும் பழையபடியே நின்றுவிட்டது. என் கையில் இருப்பது அந்த 1867 பாடம். இவ்வளவு முக்கியமான விஷயத்துக்குப் பதிப்பாளர் ஓர் அடிக்குறிப்புகூடப் போடாதது பெரிய குறை.

இனி படங்கள். நான்சியின் கொலையைக் குரூக்‌ஷாங்க் வரையவே இல்லை. கொலைக்குப் பின் சைக்ஸுக்குக் கிடைத்தவை, நாயைக் கொல்ல முயலும் காட்சியும் கூரைமேல் கயிற்றோடு தவிக்கும் காட்சியும்தான். இரண்டிலும் அவன் துரத்தப்படுகிறவன். தூக்குக்குக் காத்திருக்கும் சிறை அறையில் ஃபேகின் குறுகி உட்கார்ந்து விரலைக் கடிக்கும் படம்தான் இந்த நூலின் உச்சம். 47ஆம் அத்தியாயத்தில் நகம் கடித்த அதே கை அது என்பது படத்தைப் பார்த்த பிறகே எனக்கு உறைத்தது. அந்த அறைக்குப் பார்க்க வந்த ஆலிவரிடமும், தன்னை எப்படியாவது வெளியே அழைத்துப்போய்விடு என்றுதான் அவன் கெஞ்சுகிறான். அவனுக்காகப் பிரார்த்தனை செய்கிறேன் என்கிறது அந்தப் பிள்ளை. இந்தப் பதிப்பில் மை அப்பிக்கொண்டு ஃபேகினின் கண்கள் வெறும் கறுப்புத் திட்டாகிவிட்டன. மற்ற 23 படங்களும் ஓரளவு தேறுகின்றன. வாங்க நினைப்பவர்கள் கடையில் இந்த ஒரு பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.